மரை கழன்ற ஊசி செட்

கம்பளி பின்னுவதற்கு, முனை மாற்றும் வட்ட ஊசி செட் (வளையும் கேபிளின் இரு நுனியிலும் ஊசி முனைகளைத் திருகிக்கொள்கிற வகை) ஒன்று வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்ட நேரம் சரியில்லை. என் செட்டின் 100 செ.மீ. கேபிள் உலோகப் பூணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது; பசை தடவி ஒட்டியிருக்கிறேன். இந்த வேளையில் கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வருமா? ஆனாலும் முடிந்தவரை நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன். பல குளிர்காலங்களாக, பரிசாகக் கொடுக்கும் கம்பளிக் குல்லாக்களையும் காது மூடும் தலைப்பட்டைகளையும் இந்த ஒரே செட்டில்தான் பின்னிவருகிறேன். அந்த உரிமையில் திட்டவும் செய்வேன்.

மர முனைகள், தடிமன் 3.5 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை, மூன்று நீளங்களில் கேபிள், முடுக்குவதற்கு ஒரு சின்னக் கம்பிச் சாவி, கேபிளின் இரு நுனியையும் அடைக்க மூடிகள். இந்த வகை செட் எதைத் திறந்தாலும் ஏறக்குறைய இவைதான் இருக்கும். ஆகவே அந்தக் கதையை விடுவோம்.

என் சண்டை முழுக்க மரையோடு. முனையும் கேபிளும் சேரும் இடத்தில் இருக்கிற அந்தத் துளியூண்டுத் திருகு மரை.

சாவியைத் துளையில் செருகி, கை வலிக்க முடுக்கிவிட்டு உட்கார்வேன். சில சுற்றுகள் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு, இடது பக்கத்தில் கேபிளிலிருந்து முனைக்கு ஏற வேண்டிய கண்ணி (ஊசியில் கோத்து நிற்கும் நூல் வளையம்) ஒன்று ஏற மாட்டேன் என்று நிற்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும்: மரை அரைச் சுற்று கழன்றிருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத இடைவெளிதான், ஆனால் நூலின் ஒரு புரி அதற்குள் புகுந்துவிட்டது. இழுத்தால் புரி பிரியும். இழுக்காவிட்டால் அடுத்த கண்ணிகள் அதன் பின்னால் வந்து நெரிசலாக நிற்கும். ஊசி நுனியால் அந்தப் புரியை நெம்பி எடுத்து, கண்ணிகளைப் பின்னுக்குத் தள்ளி, சாவியைத் தேடி (சாவி எப்போதும் மடியிலிருந்து எங்காவது உருண்டு போயிருக்கும்), மறுபடி முடுக்க வேண்டும். நான்கு புரி மெரினோ நூலில் இது நடந்தால் அந்த இடத்தில் மட்டும் நூல் பஞ்சு பறந்து நிற்கும். அடர் நிறமென்றால் மறைந்துவிடும். வெளிர் சாம்பல் நிறக் குல்லாவின் நெற்றிப் பகுதியில் அப்படியொரு பிசிறு இருந்தால், வாங்கிக்கொள்கிறவர் பார்க்கிறாரோ இல்லையோ, கொடுக்கிற எனக்கு அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தலைப்பட்டை பின்னும்போது இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. பத்து செ.மீ. அகலத்துக்குக் கண்ணி ஏற்றி, ஒரு வரிசை போய் ஒரு வரிசை திரும்பி வருகிற வேலை அது. கேபிள் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டால், வேலையைத் திருப்பும்போதே அந்த முறுக்கை அவிழ்த்துவிடலாம். குல்லா அப்படியல்ல, சுற்றிச் சுற்றி ஒரே திசை. கண்ணிகளைத் தள்ளத் தள்ளக் கேபிளில் முறுக்கு ஏறும். அந்த முறுக்கு எங்காவது வெளியேற வேண்டும், மரை வழியாக வெளியேறுகிறது. பூணுக்குள் தானாகச் சுழலும் கேபிள்கள் இப்போது கிடைக்கின்றன; முறுக்கு மரைவரை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. என் செட் அதற்கு முந்தைய தலைமுறை. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். "சாவியால் நன்றாக முடுக்கவும்" என்று பதில் வந்தது. இத்தனை நாளும் நான் பல்லால் முடுக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிட்டார் போலும்.

இன்னொரு குறையும் உண்டு, குல்லா பின்னுகிறவர்களுக்கு மட்டும் உறைக்கிற குறை. பெரியவர்களுக்கான குல்லாவுக்கு ஏற்ற வட்ட ஊசி 40 செ.மீ. நீளமுள்ளது. தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் குல்லாவை 48 அல்லது 50 செ.மீ. சுற்றளவில்தான் பின்னுவோம்; இழுபட்டுத் தலையைப் பிடித்தால்தான் காற்றுக்குப் பறக்காது. பத்து செ.மீ.க்கு 20 கண்ணி விழுகிற நூலில் 96 கண்ணி ஏற்றினால் கணக்கு சரியாக வரும், 40 செ.மீ. ஊசியில் அவை அளவாக அமரும். ஆனால் செட்டில் வருகிற முனை ஒவ்வொன்றும் 12, 13 செ.மீ. இரண்டு முனையிலேயே 25 செ.மீ. போய்விட்டால் மீதி 15 செ.மீ. கேபிள் எப்படி வளையும்? வளையாது. அதனால்தான் செட்டில் இருக்கிற மிகக் குட்டையான கேபிளைப் போட்டாலும் மொத்தம் 60 செ.மீ. வருகிறது. குல்லாவை அதில் போட்டால் கண்ணிகளெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும், சுற்ற முடியாது. 40 செ.மீ. வேண்டுமென்றால் குட்டை முனைகளைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டி அட்டையில் படம் மட்டும் குல்லா.

சரி, இதனால் விளைந்த நன்மையையும் சொல்லிவிட வேண்டும். 40 செ.மீ. இல்லாததால் மேஜிக் லூப்புக்கு மாறினேன். நீளமான கேபிளை நடுவில் கண்ணிகளுக்கு இடையே வளையமாக வெளியே இழுத்துவிட்டு, பாதி கண்ணி முன்னால், பாதி பின்னால் என்று வைத்துப் பின்னுகிற முறை. சாரா ஹவுஷ்கா என்பவர் கையாண்ட இந்த முறை 2002-இல் அச்சில் வெளிவந்து பரவியது. அதற்கு முன்பெல்லாம் குல்லாவின் உச்சிக்கு வந்ததும், கண்ணி குறையக் குறைய வட்ட ஊசியில் எட்டாமல் போய், இரு பக்கமும் கூரான நான்கைந்து குட்டை ஊசிகளுக்கு மாற்றுவதே வழக்கம். ஒரு ஊசி நழுவினால் போச்சு. மேஜிக் லூப்பில் 96 கண்ணியில் தொடங்கி உச்சியில் கடைசி 8 கண்ணிக்குள் நூலை ஓட்டி இழுத்து முடிச்சிடும்வரை ஒரே ஊசி போதும். கைக்குழந்தைக்கான சின்னக் குல்லாவானாலும் அதே கேபிள்தான். இப்போது 40 செ.மீ. ஊசியை யாராவது சும்மா கொடுத்தால்கூட எடுப்பேனா என்பது சந்தேகம்.

ஆனால் மேஜிக் லூப்பில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கேபிளை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க மரை கழலும். பார்த்தீர்களா, எங்கு போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

எதிர்பாராமல் கிடைத்த பெரிய வரம் அந்தச் சாவித் துளை. முடுக்குவதற்காகப் பூணில் போட்டிருக்கிற துளைதான். அதற்குள் வழுவழுப்பான மெல்லிய பருத்தி நூலை, பின்னுகிற நூலுக்கு மாறுபட்ட நிறத்தில், கோத்துவிட்டு ஒரு சுற்று பின்னினால், கண்ணிகள் முனையைத் தாண்டிக் கேபிளுக்கு இறங்கும்போது அந்த நூலும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் தானாக ஓடிவிடும். வலது கை முனையில் கோக்க வேண்டும், இடது முனையில் கோத்தால் பயனில்லை. அடுத்த சுற்றில் இந்த நூலையும் சேர்த்துப் பின்னிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு மேலே எது பிழையானாலும் தைரியமாக ஊசியை உருவி, இந்த நூல்வரை பிரித்துவிடலாம். முன்பு தையல் ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து ஓட்டிய வேலை இது. ஒரே ஓர் எச்சரிக்கை: ஊசியில் கண்ணிகளுக்கு இடையே மாட்டும் வளைய அடையாளக் குறிகள் போட்டிருந்தால் இந்த நூல் அவற்றுக்குள்ளும் நுழைந்து கட்டிப்போட்டுவிடும். திறந்து மூடுகிற குறிகளைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, முனை மாற்றும் வசதி. அதற்குத்தானே இந்த செட்டே. குல்லாவின் அடி ஓரத்தை 4 மி.மீ. முனையில் இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்று மாறி மாறி ரிப்பாக, அதாவது இழுபடும் வரிப் பின்னலாகப் பின்னுவேன்; மேல்பகுதிக்கு 4.5 மி.மீ. தனி ஊசிகள் என்றால் எல்லாக் கண்ணியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்த வேண்டும். இதில் வலது முனையைக் கழற்றிப் பெரியதைப் போட்டால் வேலை முடிந்தது. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது முனைதான், இடது முனை கண்ணிகளைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவே. ஆகவே இடப் பக்கம் 4 மி.மீ. முனையையே விட்டுவிடலாம். விட்டால் இன்னொரு லாபம்: முனை சிறியதாக இருப்பதால் கேபிளிலிருந்து கண்ணிகள் ஏறுவது எளிது. மரைத் தொல்லையும் பாதியாகக் குறையும். இதை எந்தக் கையேட்டிலும் பார்த்துக் கற்கவில்லை, கோபத்தில் கண்டுபிடித்தது.

பரிசுக்குப் பின்னுகிறவர்களுக்கு மூடிகளும் அருமையானவை. இரு முனையையும் கழற்றி, கேபிளின் இரு நுனியிலும் மூடியைத் திருகிவிட்டால், பாதியில் நிற்கிற குல்லாவை யார் தலையிலும் போட்டு அளவு பார்க்கலாம். பெறப்போகிறவரின் தலையை அளக்க முடியாது, அளந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். அதே வாகுள்ள இன்னொரு தலையைத் தேடிப்பிடித்துப் போட்டுப் பார்த்துவிடலாம். சில செ.மீ. முன்பின் இருந்தாலும் ரிப் இழுத்துக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். உயரம்தான் ஏமாற்றும், உச்சியைக் குறைக்கத் தொடங்குமுன் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

நூலைப் பற்றி விரிக்கப் போவதில்லை, அது தனிக் கதை. ஒன்றிரண்டு மட்டும். நெற்றியும் காதும் கழுத்தைப் போலவே அரிப்பை உடனே காட்டிக்கொடுக்கும் இடங்கள். முரட்டுக் கம்பளியை அங்கே கொண்டுபோகாதீர்கள். துணி துவைக்கும் இயந்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறவர்களுக்குச் சாதாரணக் கம்பளியில் குல்லா கொடுத்தால், வெந்நீரும் உரசலும் சேர்ந்து அது திரண்டு சுருங்கி, பொம்மைக்குப் போடுகிற அளவில் உங்கள் முன் வந்து நிற்கும். அவர்களுக்கு அக்ரிலிக் அல்லது இயந்திரத்தில் துவைக்கத் தக்க சூப்பர்வாஷ் கம்பளி. சூப்பர்வாஷ் நனைந்ததும் நீளும், ஆகவே மாதிரித் துண்டைப் பின்னித் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்கென்றால் மென்மையான பருத்தி, உள்ளே உறுத்தும் தையல் இல்லாமல். கைக்குழந்தைக்குத் தாடையில் கட்டும் கயிறு வேண்டவே வேண்டாம்.

இப்போது கேபிள் பிய்ந்த கதைக்கு வருகிறேன். உச்சிக் குறைப்பில் இருந்தேன். எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து, 96 என்பது 88, 80, 72 என்று இறங்கி 64-க்கு வந்திருந்தது. அரைச் சுற்று முடிந்து வலது முனையை வெளியே இழுத்தேன். முனை வந்தது, பூணும் கூடவே வந்தது, கேபிள் வரவில்லை. மொட்டை நுனியில் என்ன நிற்கும்? ஒரு வரிசை கண்ணி, பல் விழுந்த வாய் மாதிரி, கேபிளை விட்டு விலகித் திறந்துகொண்டது. சேர்த்துப் பின்னிய கண்ணிகள் அவிழ்ந்தால் ஒன்று இரண்டாகும். அவற்றைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. நல்ல வேளை, உச்சி தொடங்கிய இடத்தில் சாவித் துளை வழியாக ஓட்டிய நூல் இருந்தது. அதுவரை பிரித்து 96-ஐயும் மீட்டேன். கெடுத்ததும் அந்தப் பூண், காப்பாற்றியதும் அதே பூணின் துளை. யாரைத் திட்டுவது?

உத்தரவாதம் கேட்டதற்கு, கேபிள் தேய்மானப் பொருள், அதில் வராது என்றார்கள். பூண் என்ன தேய்ந்தா கழன்றது? அதற்குப் பதில் இல்லை. நானே பழைய பசையை ஊசியால் சுரண்டி எடுத்து, கேபிள் நுனியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு குழாயாக வருகிற எப்பாக்சிப் பசையைக் கலந்து தடவி, நேராக நிறுத்திவைத்தேன். பிதுங்கிய பசையை நகம் தேய்க்கும் அரத்தால் வழித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஒட்டிய பக்கத்தில் கண்ணிகள் தடங்கலில்லாமல் ஏறுகின்றன. தொழிற்சாலை ஒட்டி அனுப்பிய மறு பக்கம்தான் இன்னும் நூலைக் கடிக்கிறது.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. உனக்குக் குல்லாவும் தலைப்பட்டையும்தான் நோக்கமென்றால், முனையும் கேபிளும் பிரியாத வட்ட ஊசிகளாக, 80 அல்லது 100 செ.மீ. நீளத்தில், 4 மி.மீ. ஒன்று, 4.5 மி.மீ. ஒன்று வாங்கிக்கொள். கழல மரையே இருக்காது, நிம்மதியாகப் பின்னலாம். பூணில் துளை இருக்காது, ரிப் முடிந்ததும் எல்லாவற்றையும் ஊசி மாற்ற வேண்டும், இடையில் தலையில் போட்டுப் பார்க்கக் கண்ணிகளை வேறு கயிற்றுக்கு மாற்ற வேண்டும், அதெல்லாம் உண்டு. இருந்தாலும் வாங்காதே. இந்த செட்டை உருவாக்கியவர்கள் அந்த மரையைச் சரிசெய்யும்வரை என்னிடமிருந்து அவர்களுக்குப் பரிந்துரை கிடையாது.

என் செட்டை இரவலாகவாவது கொடு என்று கேட்டுவிடாதே. பசை காய்ந்துவிட்டது, அடுத்த குல்லாவுக்குக் கண்ணி ஏற்றியாகிவிட்டது.