சீட்டை ஒருமுறை கேமராவிடம் காட்டுங்களேன்

யூடியூப் நிகழ்ச்சிகளைப் பார்த்தே பலகை விளையாட்டு வாங்குகிறவன் என்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு ஒரு பெயர் உண்டு. பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எந்தச் சேனலைப் பார்க்கலாம், எதை வாங்கலாம் என்று கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். இந்த முறை கேட்டது வேலந்தாவளத்துச் சித்தப்பா. பேரப் பிள்ளைகளைச் செல்பேசியிலிருந்து பிரிக்க வேண்டுமாம். அதற்கான வழியையும் செல்பேசியில்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்ச்சிகள் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்த விளையாட்டுகள் தாயம், ஆடுபுலி, பிசினஸ், அதிகம் போனால் ஸ்காட்லாண்ட் யார்டு என்பதோடு முடிந்திருக்கும். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் பொம்மைக் கடைகளில் இன்றும் அதற்கு மேல் பெரிதாக எதுவும் கண்ணில் படுவதில்லை. அமெரிக்க நடிகர்கள் வில் வீட்டனும் ஃபெலிசியா டேயும் 2012-இல் தொடங்கிய ‘டேபிள்டாப்’ என்ற யூடியூப் நிகழ்ச்சிதான் எனக்குக் கதவைத் திறந்தது. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்து, அரை மணி நேரத்தில் ஒரு விளையாட்டை ஆடி முடிப்பார்கள். திண்ணையில் ஆடுபுலி ஆடுகிறவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற சுகம் அதில் இருக்கிறது. கட்டான், டிக்கெட் டு ரைடு, பேண்டமிக் எல்லாம் எனக்கு அங்கேதான் அறிமுகம். ‘ஷட் அப் அண்ட் சிட் டவுன்’ என்ற சேனலை நடத்தும் பிரிட்டிஷ்காரர்களின் நகைச்சுவையும் பிடிக்கும். ஒரு விளையாட்டு ஏன் சலிக்கும் என்பதை அவர்கள் அளவுக்குத் தெளிவாகச் சொல்கிறவர்கள் குறைவு.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இவர்களில் பெரும்பாலோர், சீட்டில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை.

எங்கள் வீட்டு மேசையை நினைத்துப் பாருங்கள். அம்மா தமிழ்வழியில் படித்தவர். அண்ணி பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரி, மலையாளவழி. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளி. பேசும்போது ஒரு சிக்கலும் கிடையாது. தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும் சண்டைகள்கூட எங்களுக்கு இயல்பு. சீட்டைக் கையில் எடுத்ததும்தான் வீடு மூன்றாகப் பிரிகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் படம்பிடிக்கிறவர்களுக்கு இது தோன்றாது, சரி. ஆனால் ஆங்கிலத்தில் பேசினாலும் அவர்கள் நிகழ்ச்சியை உலகம் முழுவதும்தானே பார்க்கிறது?

மன்ச்கின் என்ற சீட்டு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் ஜாக்சன் உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. டேபிள்டாப்பில் அந்த அத்தியாயத்துக்கு ஸ்டீவ் ஜாக்சனே வந்து உட்கார்ந்து விளையாடினார். நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அசுரனை அடி, புதையலை எடு, பத்தாம் நிலைக்கு முதலில் போ, அவ்வளவுதான் ஆட்டம். மீதி எல்லாம் சீட்டில் அச்சடித்த நகைச்சுவை. வாங்கி வந்து விரித்தோம். முதலில் வந்த அசுரன், தொட்டிச் செடி. “தொட்டிச் செடியோடு எதற்குச் சண்டை போட வேண்டும்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்து கெஸீபோ வந்தது. தோட்டத்து மண்டபம், அதுவும் அசுரன்தான்! ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் பழைய விளையாட்டு ஒன்றில், அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாத ஒருவர் அதை ஏதோ மிருகம் என்று நினைத்து அம்பு விட்ட கதை அப்படி ஆடுகிறவர்களிடையே பிரசித்தம். அதை நான் விளக்கி முடிக்கும்போது அண்ணி அடுப்பைப் பார்க்கப் போயிருந்தார். விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரித்ததாக வரலாறு இல்லை.

நகைச்சுவை போனால் போகட்டும், ஆட்டமாவது நடந்ததா? நடக்காது. மன்ச்கினில் கைச்சீட்டை மறைத்து வைத்திருக்க வேண்டும். யாரை எப்போது காலை வாரலாம் என்பது அந்தச் சீட்டில்தான் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேட்டால் ரகசியம் போய்விடும். கேட்காவிட்டால் ஆட முடியாது. எழுத்து இருப்பதைவிட, மறைக்க வேண்டிய சீட்டில் எழுத்து இருப்பதுதான் உண்மையான தடை. ஒரு நிகழ்ச்சியாவது இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும்.

மாட் லீகாக் உருவாக்கிய பேண்டமிக்கிலும் ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் உலகில் பரவும் நோய்களைத் தடுக்கும் அந்த ஆட்டத்தில் எல்லோரும் ஒரே அணி. 2013 பதிப்பின் விதிப்படி கைச்சீட்டை ஒருவருக்கொருவர் தாராளமாகக் காட்டலாம். பையன் உரக்கப் படிப்பான், எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம். பலகையில் 48 நகரங்கள். அவற்றில் சென்னையும் உண்டு. நோய் பரவி ஊர் ஊராக விழும்போதும் சென்னையை மட்டும் விடக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக நிற்பதால் நாங்கள் அடிக்கடி தோற்கிறோம்.

எதிர்பாராத சந்தோஷம் டிக்கெட் டு ரைடு. ஆலன் மூன் உருவாக்கி 2004-இல் வந்தது. அமெரிக்க வரைபடம், ரயில் பெட்டிச் சீட்டுகள், எட்டு வண்ணங்கள். வண்ணம் சரியாகத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அடையாளமும் போட்டிருக்கிறார்கள். பயணச்சீட்டில் ஊர்ப் பெயர் ஆங்கிலம்தான், ஆனால் அதிலேயே சின்ன வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் குறித்திருப்பதால் இடத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவைப் பற்றி எதுவும் தெரியாத அம்மா, ஆறு பெட்டிப் பாதைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒன்றுக்குப் பதினைந்து புள்ளி என்று கூட்டிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் ஓரங்கட்டிவிடுகிறார். நான் பல மாதம் திட்டம் போட்டும் அவரை வெல்வது அரிது. இந்த விளையாட்டை எனக்குக் காட்டியதும் அதே டேபிள்டாப்தான், மறுக்க முடியாது.

ஆனால் டேபிள்டாப்பைப் பார்த்து விதி கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். அதன் மூன்றாம் பருவத்தில் (சீசனில்) விதிகளைப் பல இடங்களில் தவறாக ஆடினார்கள். 2015-இல் வீட்டனே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விதி கற்க ‘வாட்ச் இட் பிளேய்டு’ சேனல் இருக்கிறது. கனடாவின் ரோட்னி ஸ்மித் நிதானமாக, வகுப்பெடுப்பதுபோல் சொல்லித் தருவார். கேலி கிடையாது, கூச்சல் கிடையாது. காய் எது, சீட்டு எது என்று அருகில் காட்டுவார். அந்தக் காட்சியை நிறுத்திவைத்து, சீட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் இப்போது என் வழக்கம். பலகை விளையாட்டுகளுக்கான போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மொழிச்சார்பு எவ்வளவு, அதாவது ஆட எந்த அளவுக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஆடியவர்களே வாக்களித்திருப்பார்கள். அதையும் பார்க்கிறேன். சிரிப்புக் காட்டுகிற நிகழ்ச்சிகளைவிட இந்த உப்புச்சப்பற்ற இரண்டும் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

கோட்நேம்ஸ் விளையாட்டில் அச்சடித்த சொற்களைத் தூக்கி எறிந்துவிட்டோம். இருபத்தைந்து சொற்களைச் சதுரமாக அடுக்கித் துப்புக் கொடுக்கும் ஆட்டம்தானே? பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தை வெட்டி, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் நாங்களே எழுதினோம். கள், தேங்காய், வாளையாறு, மோர், யானை. அண்ணியும் அம்மாவும் ஓர் அணியில் சேர்ந்தால் அசைக்க முடியாது. இந்த யோசனை எந்த நிகழ்ச்சியிலும் வந்ததல்ல.

இன்னொரு சின்னக் குறை. தென்மேற்குப் பருவமழையில் சீட்டுகள் நமுத்து வளைந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

மொத்தத்தில் இந்த நிகழ்ச்சிகளுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். இவ்வளவு பாராட்டிவிட்டு இரண்டுதானா என்று கேட்டால், ஆமாம், பரணில் இருக்கும் மன்ச்கின் பெட்டியை இன்று காலைதான் மறுபடி பார்த்தேன். சித்தப்பாவிடம் அஸூல் என்ற, வண்ண ஓடுகளை அடுக்கும் விளையாட்டை வாங்கச் சொல்லியிருக்கிறேன். மைக்கேல் கீஸ்லிங் உருவாக்கியது. 2018-இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் விளையாட்டு) விருது பெற்றது. ஐந்து வகையில் நூறு ஓடுகள், ஆடும்போது படிக்க ஓர் எழுத்து இல்லை, மழைக்கு நமுக்கவும் நமுக்காது. அஸூல் பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். பார்த்தால் அதோடு நிறுத்தமாட்டார். அடுத்த பரிந்துரையாக மன்ச்கின் வந்து நிற்கும்.