ஜிங்தேஜெனில் ‘அரச சூளைக் கிண்ணம்’: வாங்கி ஏமாறாதீர்கள்

சீனாவின் பீங்கான் நகரம் ஜிங்தேஜெனில், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்தது என்று சொல்லி ஒரு நீலவெள்ளைக் கிண்ணத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அடியில் மிங் பேரரசர் ஷுவான்தே காலத்து (1426–1435) ஆறெழுத்து முத்திரை. பொய்யான பொருள்.

அரச சூளை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்திருந்தாலே அந்தக் கதை எடுபட்டிருக்காது. அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி உடைந்த பீங்கான் ஓடுகளை ஒட்டிச் சேர்த்தவை. அரண்மனைக்குத் தேறாத பாத்திரம் வெளியாள் கைக்குப் போகக் கூடாதென்று உடைத்துப் புதைத்தார்கள். அரச சூளை இருந்த ஜூஷான் பகுதி மண்ணில் கிடைப்பது சில்லுதான். கீறலில்லாத முழுக் கிண்ணம் கிடைத்தது என்றாலே சந்தேகப்படுங்கள்.

முத்திரையை மட்டும் பார்த்து நம்புவதுதான் பெரிய தவறு. பழைய அடிப்பாக ஓடு ஒன்றை எடுத்து, அதன்மேல் புது உடலைப் பொருத்துகிறார்கள். அடியை எவ்வளவு சோதித்தாலும் அசல்தான்! ஒட்டு இருப்பது கால்வளையத்துக்கு (கிண்ணம் நிற்கும் அடிவளையம்) சற்று மேலே, உடல் வளையத் தொடங்கும் இடத்தில். உள்பக்கம் விரலால் தடவுங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேடோ நிறமாற்றமோ வளையமாகத் தெரியும். பிசின் ஒட்டு புற ஊதா விளக்கில் தனியாக ஒளிரும். தட்டினால் மந்தமான ஓசை வரும். ஆனால் விரிசலுக்கும் அதே ஓசைதான், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

புதுப் பளபளப்பை அமிலத்தால் மங்கவைப்பார்கள். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புழக்கத்தில் வந்த தேய்மானம் என்றால் மேடான இடங்களில் தாறுமாறான கீறல்கள் இருக்கும். அமிலம் பள்ளத்தையும் ஒரே சீராக மங்கடித்திருக்கும்.

‘கையால் வரைந்தது’ என்பதிலும் ஏமாற்று உண்டு. உண்மையில் கையால் வரைந்ததில், தூரிகை நின்ற இடத்தில் நீலம் தேங்கிக் கருத்திருக்கும். அச்சடித்த படத்தாளை ஒட்டியதில் கோடு முழுக்க ஒரே அடர்த்தி, சிலவற்றில் புள்ளிகள். இரண்டு கோப்பைகளில் ஒரே பூ, ஒரே பிசிறு என்றால் அச்சுதான்.

கடைக்காரர் தரும் ‘தொன்மைச் சான்றிதழ்’ எதற்கும் உதவாது. 1911-க்கு முந்தைய தொல்பொருளைச் சீனாவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை. பொருள் அசலானால் விமான நிலையத்தில் சிக்குவீர்கள். தாராளமாகக் கொண்டுபோகலாம் என்று அவரே சொன்னால், அது புதுசு.

பணம் கொடுக்கும் முன் காலத்தையும் ‘ஷோஹுய்’ (கைவரைவு) என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கிண்ணத்தை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.