ஸ்ரோஸ்த்கியில் ஷுக்‌ஷின் அருங்காட்சியகம்: எதை முதலில் பார்ப்பது?

வசீலி ஷுக்‌ஷினை நாவலாசிரியராக அறிந்தவர்களும் சரி, திரைக்கதையாசிரியராக, இயக்குநராக, நடிகராக அறிந்தவர்களும் சரி, அவர் 1929-ல் பிறந்த, ரஷ்யாவின் அல்தாய் பகுதியில் உள்ள ஸ்ரோஸ்த்கி கிராமத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குவது நல்லது. 1978-ல் திறந்த இந்த அருங்காட்சியகம் ஒரே கட்டடம் அல்ல. பழைய பள்ளிக்கூடம், தாயாரின் வீடு, சிறுவயது வீடு என மூன்று இடங்கள் இருக்கின்றன. பள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நல்லதைத் தவறவிடுகிறார்கள்.

ரயில் பீஸ்க் நகரோடு நின்றுவிடும். அங்கிருந்து சூயா நெடுஞ்சாலையில் சுமார் 35 கி.மீ.; கோர்னோ-அல்தாய்ஸ்க் போகும் வண்டிகள் இந்த வழியாகத்தான் போகும். 1964-ல் வந்த அவருடைய முதல் முழுநீளப் படத்தில் நாயகன் பாஷ்கா லாரி ஓட்டுவது இதே சாலையில்தான்.

தாயாரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். 'லுபாவின்கள்' நாவலுக்குக் கிடைத்த சன்மானத்தில் 1965-ல் அவர் அம்மாவுக்கு வாங்கித் தந்த மரவீடு அது. எழுத்தால் வந்த பணம் எங்கே போனது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. பள்ளிக்கூடம் அவர் படித்த இடம், பிறகு ஆசிரியராக வேலை பார்த்த இடமும்கூட. வாழ்க்கை, எழுத்து, சினிமா எல்லாவற்றையும் சொல்லும் முக்கியக் காட்சி இங்கேதான். ரஷ்ய மொழி தெரியாதவர்கள் மொழிபெயர்க்க ஓர் ஆளோடு போகாவிட்டால் சீக்கிரம் சலித்துவிடும்.

'கலீனா கிராஸ்னயா' படத்தின் தடங்களைத் தேடி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அது எடுக்கப்பட்டது வோலக்தா பகுதியின் பெலஸேர்ஸ்கில். இங்கே தேட வேண்டியது 1972-ல் வந்த 'பெச்கி-லாவச்கி'. அதன் கடைசிக் காட்சியில் அவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பது ஊரோரம் உள்ள பிகேத் குன்றில். 2004-ல் வியாச்செஸ்லாவ் கிளிக்கவ் செய்த வெண்கலச் சிலையும் அதே கோலத்தில் அங்கேயே இருக்கிறது. படத்தைப் பார்க்காமல் ஏறினால் அது வெறும் பெரிய சிலை, அவ்வளவுதான்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் கொசாக் கிளர்ச்சித் தலைவர் ஸ்தென்கா ராசினின் கதையைப் படமாக்க ஆண்டுக்கணக்கில் போராடி, முடியாமலே 1974-ல் 45 வயதில் இறந்தார். நாவலாக மிஞ்சிய அந்தக் கதையை இங்கு வருகிறவர்கள் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். மூன்று இடங்களைச் சுற்றிப் பார்ப்பதால் அந்தப் போராட்டத்தின் கனம் புரிந்துவிடாது.

பிறந்தநாளான ஜூலை 25-ஐ ஒட்டி நடக்கும் ஷுக்‌ஷின் விழாவுக்குப் பெருங்கூட்டம் குன்றேறும். கச்சேரியும் வாசிப்பும் வேண்டுமானால் அப்போது போகலாம். வீடுகளை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.