ஆஷ்விட்ஸுக்குத் தனியாகப் போகிறவர் வேனில் போவதா, பஸ்ஸில் போவதா?

போலந்தின் கிராக்கோவில் தங்கி, நாஜிகளின் கொலைமுகாமாக இருந்து இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ஆஷ்விட்ஸுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று திட்டம் போடுகிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். முதல் முறை, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளும் சுற்றுலா வேனில். அடுத்த முறை, கிராக்கோவ் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் பஸ் நிலையத்திலிருந்து நானே பஸ் பிடித்து. எனக்கு இரண்டாவதுதான் சரி, ஆனால் வேனை விட்டால் வழியில்லாத நாட்களும் உண்டு.

வேனில் போனால் நல்ல வழிகாட்டி கிடைப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முகாமுக்குள் குழுக்களுக்கு விளக்கம் சொல்பவர்கள் அருங்காட்சியகமே பயிற்சி கொடுத்து அனுமதித்தவர்கள்தான், வேனில் வந்தாலும் சரி, அருங்காட்சியகத்தின் தளத்தில் நாமே இடம் பதிவு செய்துகொண்டு வந்தாலும் சரி. வேனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வண்டிக்கும், பதிவு செய்யும் வேலைக்கும் மட்டும்தான். அந்தப் பதிவுதான் கோடையில் பெரிய தலைவலி. நாம் தேடும்போது ஆங்கிலக் குழுக்கள் எல்லாம் நிரம்பியிருக்கும், வேன்காரர்களிடம் மட்டும் இடம் மிச்சம் இருக்கும். அப்போது யோசிக்காமல் வேனில் போய்விடுங்கள். வழிகாட்டி இல்லாமல் இலவசமாக நுழையவும் சீட்டு உண்டு, அதையும் பெயர் கொடுத்து முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அங்கே பார்க்கும் இரண்டு முகாம்களில் முதல் முகாமின் செங்கல் கட்டிடங்களை வெறுமனே பார்த்தால் வரிசையான பழைய படைவீடுகள் போலத்தான் தெரியும். 10, 11ஆம் கட்டிடங்களுக்கு நடுவில் உள்ள முற்றத்துச் சுவரில் வைத்து ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டார்கள் என்பதை ஒருவர் அருகில் நின்று சொல்ல வேண்டும்.

சரி, வழிகாட்டி ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே? நேரத்தில். வழக்கமான சுற்று மூன்றரை மணி நேரம், அதில் பெரும்பகுதி முதல் முகாமிலேயே போய்விடும். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டாவது முகாமான பிர்கெனாவுக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் இந்த இடம் என்னவென்று உண்மையில் புரிவது பிர்கெனாவில்தான். சுமார் 11 லட்சம் பேர் இங்கே கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள் என்று படித்திருப்போம். கண் எட்டுகிற தூரம் வரை நிற்கும் மரக் கொட்டகைகளின் புகைபோக்கிகளையும், 1945 ஜனவரியில் தடயத்தை அழிக்க நாஜிகளே வெடிவைத்துத் தகர்த்த தகனக்கூடங்களின் இடிபாடுகளையும் பார்க்கும்போதுதான் அந்த எண் உள்ளே இறங்குகிறது. வேனில் போன அன்று, இடிபாடுகளுக்குப் பக்கத்தில் வழிகாட்டி பேசி முடித்ததும் வண்டிக்குத் திரும்பக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். வாசலுக்கு நடக்கவே அது சரியாக இருந்தது.

பஸ்ஸில் போன அன்று சுற்று முடிந்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். முகாமின் கடைக்கோடியில் ‘சௌனா’ என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. முகாமில் வைத்துக்கொள்ளப்பட்டவர்களின் உடைகளைக் கழற்றி, முடியை மழித்து, பதிவு செய்த இடம். அதன் கடைசி அறையில் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் பெட்டியில் எடுத்துவந்த குடும்பப் படங்களை வைத்திருக்கிறார்கள். கல்யாணப் படம், கைக்குழந்தை, விடுமுறையில் எடுத்த படம். முதல் முகாமில் கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் செருப்புகளையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு இங்கேதான் முகங்கள் கிடைக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நான் வந்த வேன் சுற்று அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னொன்று, இரண்டு முகாம்களுக்கும் நடுவில் இலவசப் பேருந்து ஓடுகிறது. போகும்போது குழுவோடு அதில் போய்விட்டு, திரும்பும்போது நடந்து வாருங்கள். 1944 மே வரை ரயில்கள் வந்து நின்ற பழைய இறக்குமேடை வழியில்தான் இருக்கிறது, வீடுகளுக்குப் பக்கத்திலேயே, பழைய சரக்குப் பெட்டிகளோடு.

ரயிலிலும் போகலாம், ஆனால் முகாம் இருக்கும் ஊரான ஓஷ்வியன்சிமின் நிலையத்திலிருந்து முகாமுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். பஸ் ஒன்றரை மணி நேரத்தில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஓஷ்வியன்சிம் ஊரையும் பார்க்க நினைத்தால் மட்டும் ரயிலை யோசிக்கலாம். போருக்கு முன் அந்த ஊரில் பாதிக்கு மேல் யூதர்கள். இன்று ஒரே ஒரு ஜெப ஆலயம் மிச்சம், அதற்குப் பக்கத்து வீட்டில் இருந்த கடைசி யூதர் 2000இல் இறந்தார்.

ஒரே நாளில் ஆஷ்விட்ஸும், கிராக்கோவுக்குப் பக்கத்திலிருக்கும் வியெலிச்கா உப்புச் சுரங்கமும் என்று விற்கும் வேன்களில் மட்டும் ஏறாதீர்கள். சுரங்கம் அருமையான இடம், அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம், தனியாகப் போகிறவர் யோசிக்க வேண்டியது திரும்பி வரும் பயணம். வேனில் இரவுச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது, எனக்குக் காதை மூடிக்கொள்ளத் தோன்றியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் யாரோடும் பேசாமல் வந்தேன், எனக்கு அது தேவைப்பட்டது. அந்த நேரத்தில் தனியாக இருக்க முடியாது என்று தோன்றுகிறவர்கள் தாராளமாக வேனிலேயே போகலாம், பிர்கெனாவில் எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று மட்டும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கியதுமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள்.