மண்டையோட்டு ஓவியத்துக்கு எந்த பிரிண்ட் சரி? கோவைக் கடை ஒன்றின் மதிப்பீடு

வானிட்டாஸ் என்பது 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் விரும்பி வரைந்த நிலையாமை ஓவியம். ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்ற பைபிள் வசனத்தின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்த பெயர். பீட்டர் கிளாஸ் 1628-இல் வரைந்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: பல் விழுந்த மண்டையோடு, இறகுப் பேனா, கவிழ்ந்த கண்ணாடிக் குவளை, அணையப்போகும் விளக்குத் திரி. படத்தின் கோப்பு அவர்கள் தளத்திலேயே இலவசம். காந்திபுரம் பக்கத்து டிஜிட்டல் பிரிண்ட் கடை ஒன்றில் அதை கேன்வாஸிலும் காட்டன் பேப்பரிலும் எடுத்துப் பார்த்தாயிற்று.

அசல் ஓவியம் 24.1 × 35.9 செ.மீ. தான். அதே அளவில் 300 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 2,850 × 4,240 பிக்சல் போதும். ஒரு சதுர அடிகூட வராது, ஆனால் பில் முழு சதுர அடிக்கு.

கேன்வாஸ் வேண்டாம். பீட்டர் கிளாஸ் வரைந்தது வழவழப்பான மரப்பலகையில். துணியின் நெசவு அந்த நுணுக்கத்தை விழுங்கிவிடுகிறது. சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது ஓரப் பகுதியும் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

பெரிய சிக்கல் இருட்டில்தான். படம் முழுக்க பழுப்பும் சாம்பலும். கல்யாண ஆல்பத்துக்குப் பழகிய கை ‘ஆட்டோ லெவல்’ (கம்ப்யூட்டரே வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டதும் கண்குழியின் ஆழம் ஒரே கறுப்பாகிவிட்டது. திரி நுனியில் மங்கிக் கிடக்கும் செம்பொட்டு பல்பு மாதிரி எரிகிறது. அணையப்போகும் விளக்கு அப்படி எரிந்தால் அப்புறம் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? ‘கலர் ஒண்ணும் தொட வேண்டாங்க’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எஸ்ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை) கோப்பை அப்படியே கொடுங்கள், நீங்களாக சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நிற முறை) ஆக்க வேண்டாம். கண்குழி, திரி, குவளை மூன்றும் வருகிற மாதிரி நான்கு அங்குலத்தில் சாம்பிள் கேளுங்கள். மறுக்காமல் போட்டுத் தருகிறார்கள். அதைக் கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இப்படி எடுத்த காட்டன் பேப்பர் பிரிண்டில் குவளையின் ஒளிப்பொட்டுகூடத் தனியாகத் தெரிகிறது.

ஃபிரேம் வேலை சுமார். தங்கப் பட்டையைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள்; கருமரச் சட்டம் கேட்டு வாங்குங்கள். பளபள லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் அதில் அப்படியே தெரியும். கண்ணாடி பிரிண்டில் ஒட்டாமல் இருக்க நடுவே 2 மி.மீ. மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை) அவசியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது ஒட்டிய இடம் பூத்துவிடும். பின்பக்கத்தை டேப் போட்டு மூடச் சொல்லுங்கள், அதைக் கேட்டால்தான் செய்கிறார்கள்.