ஃப்ரீகேட் 1.0: கோணல்மாணல் வடிவத்துக்குச் சேம்பர் போட லாயக்கா?

பெட்டி, தகடு மாதிரி ஒழுங்கான பொருளுக்கு ஓரத்தைச் சாய்க்க (சேம்பர் என்பது இதுதான்) கணினியில் பொருள் வடிவமைக்கும் எந்த கேட் மென்பொருளாலும் முடியும், அதை வைத்து எதையும் எடை போட வேண்டாம். மென்பொருளின் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால் அதனிடம் ஒரு 'ஞ'வையோ 'ழ'வையோ கொடுத்துப் பாருங்கள். சுழி, இடுக்கு, உள்ளே ஓட்டை, திடீரென்று மெலியும் கோடு எல்லாம் ஒரே வடிவத்தில் கிடக்கும். மரத்திலோ அக்ரிலிக்கிலோ நேம் போர்டு எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடு. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 என்ற கேட் மென்பொருள் இந்த ஒரு வேலைக்கு எப்படி என்று மட்டும்தான் இங்கே.

கருவி எளிமையானது. பார்ட் டிசைன் என்ற பகுதியில் சேம்பரை எடுத்தால் மூன்று வழி: இரண்டு பக்கமும் ஒரே அளவு, இரண்டு வேறு அளவு, ஓர் அளவும் கோணமும். விளிம்பு விளிம்பாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம், எழுத்தின் மேல்முகத்தையே தேர்ந்தெடுத்தால் அதைச் சுற்றிய விளிம்பு அத்தனைக்கும், உள் ஓட்டைகளையும் சேர்த்து, சாய்வு விழும். பழைய பதிப்புகளில் ஸ்கெட்சில் (அடிப்படை வரைபடத்தில்) ஒரு கோட்டைத் திருத்தினால் சேம்பர் வேறு விளிம்புக்குத் தாவிவிடும் தொல்லை இருந்தது, 1.0-இல் அது பெருமளவு அடங்கிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே பழையதை விட்டுவிட்டு வரலாம்.

ஆனால் சில வடிவங்களில் 3 மி.மீ. என்று அடித்ததும் 'பிரெப் ஏபிஐ: கமாண்ட் நாட் டன்', அதாவது சொன்ன வேலை நடக்கவில்லை, என்று வந்து நிற்கும். எங்கே, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. இந்த மென்பொருள்மேல் எனக்குப் பெரிய குறையே இதுதான். அடியில் ஓடி வடிவங்களைக் கணக்கிடும் ஓப்பன் கேஸ்கேட் கர்னல், பக்கத்து விளிம்பையோ முகத்தையோ சாய்வு முழுசாகத் தின்றுவிடும் நிலை வந்தாலே பெரும்பாலும் கைவிரித்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் பிழை எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம். வெளிப்பக்கம் பிதுங்கிய வளைவின் ஆரம், சேம்பர் போட்டதும் மேல்முகத்தில் அந்த அளவுக்குக் குறையும்: 5 மி.மீ. ஆரத்தில் 3 போட்டால் 2 மிஞ்சும், 2 மி.மீ. ஆரத்தில் 3 போட்டால் எதுவும் மிஞ்சாது, அங்கேதான் அடி வாங்கும். உள்நோக்கிய வளைவும் ஓட்டையின் சுற்றும் இதற்கு நேர்மாறு, ஆரம் கூடும், அதனால் அங்கே வம்பு குறைவு. எழுத்துக் கோட்டின் அகலம் 8 மி.மீ. என்றால் இருபுறமும் 3 போக நடுவில் 2 மி.மீ. தட்டை இருக்கும், 4 போட்டால் இரண்டு சாய்வும் கூரை முகடு மாதிரி முட்டிக்கொள்ளும், கர்னலுக்கு அது பிடிக்காது. 3.99 என்று அடித்தால் பல நேரம் ஒப்புக்கொள்ளும். அசிங்கமான வித்தைதான், ஆனால் மரத்தில் அந்த நூறில் ஒரு பங்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

சேம்பர் ஒத்துவராவிட்டால் ஸ்கெட்சைத் திடப்பொருளாக எழுப்பும் பேட் கருவியில் டேப்பர், அதாவது சரிவுக் கோணம் இருக்கிறது. உடம்பை நேராக எழுப்பிவிட்டு, அதன் மேல் 3 மி.மீ. உயரத்துக்கு இன்னொரு பேட், கோணம் மைனஸ் 45. மைனஸ் முக்கியம், பிளஸ் போட்டால் மேலே போகப் போக அகலமாகும். இதற்கும் எல்லை உண்டு: முடிவில் ஏதாவது விளிம்பு காணாமல் போகிற அளவுக்குச் சாய்த்தால் தோற்கும். பி-ஸ்ப்ளைன் (கட்டுப்புள்ளிகளை வைத்து வளைக்கும் கோடு) உள்ள ஸ்கெட்சில் பெரும்பாலும் ஒழுங்காக வராது.

தமிழ் எழுத்துக்காரர்களுக்கு வம்பு தொடங்குவதே இங்கேதான். தட்டச்சு செய்த எழுத்தை வடிவமாக்கும் ஃப்ரீகேடின் ஷேப்ஸ்ட்ரிங் கருவி எழுத்துகளைக் குறியீட்டு வரிசைப்படி ஒவ்வொன்றாக நிறுத்தும், சேர்த்து வடிவமைக்காது. 'செ' என்று கொடுத்தால் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவருவதுதான் வழி. அப்படி வருவது பூராவும் பெசியர் வளைவு, மேலே சொன்ன பி-ஸ்ப்ளைன் இனம்தான். சில கோப்புகளில் ஒரே வளைவு பொடிப்பொடி நேர்க்கோடுகளாக உடைந்து வரும், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பட்டை விழுந்து சாய்வு பார்க்கச் சொரசொரவென்று இருக்கும். அதனால் இறக்கியதைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கெட்சரில் வட்டவில்லும் கோடுமாக மேலே வரைந்துவிடுங்கள். ஓர் எழுத்துக்கு நேரம் பிடிக்கும்தான், ஆனால் வெளிக்கோடு சுத்தமாக இருந்தால் சேம்பரும் டேப்பரும் பேசாமல் வேலை செய்யும். கருவியைத் திட்டுவதில் பாதி வெளிக்கோட்டுக்குப் போக வேண்டிய திட்டு.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சேம்பருக்குப் பெவல் என்று பெயர், அந்தப் பிளெண்டர்காரர்கள் 'எங்கள் பெவல் பிழையே காட்டாது' என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அதில் கிளாம்ப் ஓவர்லேப் என்ற தேர்வைப் போட்டிருந்தால் ஓரிடத்தில் விளிம்புகள் முட்டியதும் எல்லா இடத்திலும் சேர்த்து அகலத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும், நீங்கள் கேட்ட 3 எங்கேயும் இருக்காது. பார்க்க மட்டும் என்றால் பரவாயில்லை, வெட்டக் கொடுக்கிற வேலைக்கு ஆகாது. களிமண்ணில் பிடித்தது போன்ற உருவம் என்றால் பேசாமல் பிளெண்டருக்கே போங்கள், ஃப்ரீகேடோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். சிஎன்சியில் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தில்) 90 டிகிரி வி-பிட்டால்தான், அதாவது வி வடிவ வெட்டுமுனையால்தான், ஓரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் சாய்வை மாடலில் வரையவே வேண்டியதில்லை. வெட்டும் பாதை தயாரிக்கும் ஃப்ரீகேடின் கேம் வொர்க்பெஞ்சில் டீபர் என்று ஒன்று இருக்கிறது, சாய்வின் அகலத்தைக் கொடுத்தால் விளிம்பைப் பின்தொடர்ந்து அதுவே பாதை போட்டுத் தரும். கூர்மையான உள்மூலையில் மட்டும் பிட் சுழல்வதால் கொஞ்சம் உருண்டைதான் விழும். திரையில் கத்தி மாதிரி தெரிந்த மூலையைக் காட்டி வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காசு விஷயத்தில் கவலையே இல்லை, தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் ஃப்ரீகேட் இலவசம்தான்.