கிங்ஸ்டனா, க்ரூஷியலா? ஆயுட்கால வாரண்டியில் யாருடைய ஆயுள்?

2025 டிசம்பரில் என் லேப்டாப்புக்கு இன்னொரு ரேம், அதாவது மெமரி பலகை, தேவைப்பட்டது. கடைக்காரர் இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். ஒன்று கிங்ஸ்டன், மற்றது க்ரூஷியல். இரண்டும் 16 ஜிபி, டிடிஆர்4 வகை, ஒரே வேகம். விலை இரண்டுக்குமே தலைசுற்ற வைத்தது. இரண்டும் ஆயுட்கால வாரண்டி தருகின்றன. ஒரே வேகமுள்ள இரண்டு ரேம்களுக்கு நடுவே அன்றாட வேலையில் தெரியும் வித்தியாசம் எதையும் நான் கண்டதில்லை. ஆகவே அந்தப் பேச்சு வேண்டாம். நான் கிங்ஸ்டனை எடுத்தேன். அதற்குக் காரணம் இந்த இரண்டு நிறுவனங்களும் வந்த வழி.

முன்பு ஒரு முறை ஆயுட்கால வாரண்டியை நம்பிச் சூடுபட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கணினி நாளுக்கு இரண்டு முறை நீலத்திரை காட்டி நின்றது. ரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓடவிட்டேன். காலையில் திரை நிறையப் பிழை சொல்லும் சிவப்பு வரிகள். வாரண்டி கேட்கலாம் என்று பார்த்தால், அந்த நிறுவனம் ரேம் விற்பதையே நிறுத்தியிருந்தது. அன்றிலிருந்து எந்த ரேமை வாங்கினாலும், விற்பவர் இந்தத் தொழிலில் எத்தனை காலம் இருப்பார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

க்ரூஷியல் தனி நிறுவனம் அல்ல, மெமரி சிப் செய்யும் மைக்ரானின் சில்லறை விற்பனைப் பெயர். மைக்ரான் 1978இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் நால்வர் தொடங்கியது. முதலீடு செய்தவர்களில் முக்கியமானவர் ஜே. ஆர். சிம்ப்ளாட், மெக்டொனால்ட்ஸுக்கு உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவல் அனுப்பிச் செல்வம் சேர்த்தவர். 1985இல் ஜப்பானிய சிப்கள் அடிமாட்டு விலைக்குக் குவிந்தபோது இன்டெலே டிரேம் (ரேமில் இருக்கும் மெமரி சிப்) தொழிலை விட்டு விலகியது. மைக்ரான் வழக்குப் போட்டுத் தாக்குப்பிடித்தது. 2013இல், திவாலாகிக் கிடந்த ஜப்பானின் மெமரி சிப் நிறுவனமான எல்பிடாவையே வாங்கியது. அசாத்தியமான பிடிவாதம்தான். ஆனால் அந்தப் பிடிவாதம் முழுக்க சிப் செய்வதில். 1996இல் திறந்த க்ரூஷியல் அந்தப் பெரிய ஆலையின் வாசலில் இருந்த சின்னக் கடை.

கிங்ஸ்டனுக்கு அந்தக் கடைதான் எல்லாமே. ஜான் டூ, டேவிட் சன் என்ற இரு நண்பர்கள் தங்கள் முதல் நிறுவனத்தை 1986இல் விற்றனர். கிடைத்ததில் பெரும்பகுதியை 1987 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவில் இழந்தனர். அதே மாதம் கலிஃபோர்னியாவில் கிங்ஸ்டன் பிறந்தது. அப்போது பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் வகை மெமரி சிப்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆனால் கால்களைத் துளையில் செருகிப் பற்றவைக்கும் பழைய வகைச் சிப்கள் தாராளமாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டே சன் ஒரு மெமரி பலகையை வடிவமைத்தார். நிறுவனத்தின் குணம் அந்த ஒரு பலகையில் இருக்கிறது: கிங்ஸ்டன் சிப் செய்வதில்லை, கிடைக்கிற சிப்பை வாங்கி, பற்றவைத்து, சோதித்து விற்கிறது.

1996இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 150 கோடி டாலருக்குக் கிங்ஸ்டனின் 80 சதவீதத்தை வாங்கியது. இருவரும் அதிலிருந்து சுமார் 10 கோடி டாலரை ஊழியர்களுக்கு ஒதுக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே பங்கை 45 கோடிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். (இப்படி ஒரு வியாபாரம் வாழ்நாளில் ஒருமுறை அமைந்தால் போதும்.) எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2021இல் நடந்தது. கணினி விளையாட்டுக்காரர்களுக்கான தங்கள் ஹைப்பர்எக்ஸ் பெயரையும் அதன் ஹெட்செட், விசைப்பலகைத் தொழிலையும் ஹெச்பிக்கு விற்றார்கள், அதே பெயரில் வந்த ரேமை விற்கவில்லை. அதற்கு ஃபியூரி என்று புதுப்பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள்.

மைக்ரான் இதற்கு நேர்மாறாகச் செய்தது. நான் கடைக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்னால், டிசம்பர் 3 அன்று, க்ரூஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாகவும் 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்புவதாகவும் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்தப் பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டுமாம். வணிகக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. அதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. ஆனால் கடையை மூடியவர் எட்டு வருடம் கழித்துக் கதவைத் தட்டும் எனக்காக ஒரு ரேமை எடுத்து வைத்திருப்பாரா? கிங்ஸ்டனுக்கு நான் தட்டும் கதவுதான் பிழைப்பு.

க்ரூஷியலுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். என் பழைய க்ரூஷியல் ரேமை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒவ்வொரு சிப்பிலும் மைக்ரானின் சின்னமும் டி9 என்று தொடங்கும் குறியீடும் தெரியும். தன் வயலில் விளைந்ததைத் தானே விற்ற கடை அது. கிங்ஸ்டனில் அந்த உறுதி இல்லை. ஒரே மாடல் எண்ணில் இரண்டு ஆண்டு இடைவெளியில் வாங்கிய இரண்டு ரேம்களில் என்னிடம் சிப்கள் வேறு வேறு. எனக்கு அதனால் தொல்லை வந்ததில்லை. ஆனால் நான் ரேமை அதன் வேகத்துக்கு மேல் விரட்டுபவன் அல்ல. அப்படிச் செய்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. கிங்ஸ்டனிடம் வாரண்டி கேட்டுப் போகும் நிலையும் எனக்கு இதுவரை வரவில்லை, ஆக அந்தக் கதவு எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்பதற்கு நான் சாட்சி அல்ல.

பில்லை அன்றே படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கடையில் தரும் வழவழப்புத் தாள் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். புதிய கிங்ஸ்டன் இப்போது இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கிறது. முதல் ஸ்லாட்டில் அந்தப் பழைய க்ரூஷியல், இதுவரை ஒரு பிழையும் காட்டாமல்.